மூன்று பேர்... ஒன்பது குரல்!

குழந்தைகளே! ஒரு பாட்டைக் கேட்கும்போது உங்கள் காது முதலில் எதைப் பிடித்துக்கொள்கிறது? மெட்டைத்தான், இல்லையா? அந்த மெட்டுக்குப் பின்னால் வேறு சில குரல்களும் ஒளிந்திருக்கலாம். அவற்றைத் தேடிப் பிடிப்பது கண்ணாமூச்சி ஆட்டம் போன்றது!

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உருவான ராக் இசைக்குழு 'பீட்டில்ஸ்'. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என நால்வர். 1969-ம் ஆண்டு வெளிவந்த இவர்களது 'அபே ரோடு' இசைத்தட்டில் 'பிகாஸ்' என்று ஒரு பாட்டு உண்டு. கேட்டால், ஒரு கூட்டமே பாடுவது போலிருக்கும். ஆனால், பாடியவர்கள் மூன்றே பேர்!

எப்படி? ஜான் நடுவில், பால் மேலே, ஜார்ஜ் கீழே. சொற்கள் ஒன்றுதான், சுரங்கள் வேறு. இதைத்தான் 'ஹார்மனி' என்கிறார்கள். பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் சோதித்துப் பார்க்கலாம். சங்கராபரண ராகத்து ஸ, க, ப சுரங்களை மூன்று பேர் ஆளுக்கொன்றாக ஒரே நேரத்தில் பாடுங்கள். மூன்றும் கலந்து ஒரே நிறைவான ஒலியாகக் கேட்கும்.

ஒருமுறை பாடிப் பதிவு செய்ததோடு அவர்கள் விடவில்லை. அதை ஹெட்போனில் கேட்டபடியே, அதன்மேல் இன்னும் இரண்டு முறை பாடினார்கள். மூன்று பேர், மூன்று முறை. ஆக ஒன்பது குரல்! குரல்களை இப்படி அடுக்கித் தந்தவர், அவர்களின் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்.

சரி, நான்காமவர் ரிங்கோ? மற்றவர்கள் தாளம் தவறாமல் இருக்க, அவர்களுடைய ஹெட்போனில் மட்டும் கேட்கும்படி தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒலி பாட்டில் பதிவாகவே இல்லை. அவர் உழைப்பு நம் காதுக்கு எட்டாது. ஆனாலும், பாட்டு அதன்மேல்தான் நிற்கிறது.

அந்த நாட்களில் குழுவுக்குள் மனக்கசப்பு வளர்ந்திருந்தது. மறு ஆண்டே, 1970-ல் பிரிந்துவிட்டார்கள். ஆனால், இந்தப் பாட்டில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டுத்தான் பாடியிருக்கிறார்கள். ஒருவர் மற்றவரை மிஞ்ச நினைத்திருந்தால் ஹார்மனி கெட்டிருக்கும்!

வாத்தியங்களை நீக்கி, குரல்களை மட்டும் வைத்த பதிவு 1996-ல் வெளியானது. கிடைத்தால் கேளுங்கள். முதல்முறை மேல்குரலைப் பின்தொடருங்கள். அடுத்தமுறை கீழ்க்குரலை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். அதுவரை காதில் விழாத ஜார்ஜ் மெல்ல வெளியே வருவார்!

உங்களுக்குப் பிடித்த பாட்டில் ஒளிந்திருப்பது யார்? கண்டுபிடியுங்களேன்!