தோல் நோய்க்கு நெடுநாள் மருந்து: புற்றுநோய் அச்சம் எவ்வளவு?

வளவனூர்ப் பகுதியிலிருந்து எமது தோல் நோய்ப் பிரிவுக்கு வருவோர் பலரும், "இம்மருந்தைப் பல ஆண்டுகள் உட்கொண்டால் புற்றுநோய் வருமா?" எனக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே.

பெம்பிகஸ் என்னும் கொப்புள நோயிலும், காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் நோயிலும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே பகையாக்கிக்கொள்கிறது. அதனை அடக்கவே அசதயோபிரின், சைக்ளோஸ்போரின், சைக்ளோபாஸ்பமைடு போன்றவற்றைத் தருகிறோம். நெறி பிறழ்ந்த உயிரணுக்களைக் களைவதும் அதே எதிர்ப்பாற்றல்தான். ஆதலால் சிகிச்சை நீளும்போது தோல், நிணநீர்ப் புற்றுநோய்களின் வாய்ப்புக் கூடுகிறது. சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையையும் பாதிக்கக்கூடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இம்மூன்றையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துள்ளது.

ஆயினும் இவ்வகைப்படுத்தல், ஆபத்து உண்டு என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. மிகுந்த பாதிப்பு காணப்பட்டது, பல மருந்துகளை வாழ்நாள் முழுதும் சேர்த்து உட்கொள்ளும் உறுப்பு மாற்று நோயாளிகளிடம். தோல் நோய்க்கு அளவும் காலமும் பொதுவாகக் குறைவு. எதிர்ப்புறத்தில், ஸ்டீராய்டு மருந்துகள் வருமுன் பெம்பிகஸ் கண்டோரில் பெரும்பாலோர் உயிரிழந்தனர். 1980களில் தில்லி எய்ம்ஸ் மருத்துவர் பஸ்ரிச்சா வகுத்த டெக்சாமெத்தசோன்–சைக்ளோபாஸ்பமைடு முறை நம் நாட்டில் பலரைக் காத்தது. இன்று ரிடுக்சிமேப் போன்ற மருந்துகளால் பழைய மருந்துகளின் அளவைக் குறைக்க முடிகிறது.

எனவே அஞ்சி, மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள். நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். மருந்து தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். சைக்ளோஸ்போரினை ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் நீட்டுவதை நாங்கள் தவிர்க்கிறோம். முன்பு ஒளிச் சிகிச்சை பெற்றிருந்தால் அவசியம் தெரிவியுங்கள். கரும்பு, நெல் வயல்களில் உழைப்போர் உச்சி வெயிலைத் தவிர்த்து, முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணிக. புகையிலையை அறவே விடுக. பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்க.

நான்கு வாரத்தில் ஆறாத புண், வளரும் கட்டி, கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டுதல், சிறுநீரில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றில் எது தோன்றினும், அடுத்த மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள். நோயாளியின் முதுகையும் உச்சந்தலையையும் மாதம் ஒருமுறை பார்ப்பது குடும்பத்தார் செய்யக்கூடிய பேருதவி. தொடக்கத்திலேயே கண்டறியப்படும் தோல் புற்றுநோய் பெரும்பாலும் சிறு அறுவையிலேயே குணமாகிவிடும்.