பாதி வாக்கியமும் முழு உண்மையும்



பருவநிலை மாற்றம் பற்றி அன்பியக் கூட்டங்களில் பேச்சு எழும்போதெல்லாம் பெரியவர் ஒருவராவது இப்படிக் கேட்பதுண்டு: "அந்தக் காலத்தில் புயலே அடிக்கவில்லையா? 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அப்போது இத்தனை காரும் லாரியும் ஏது?" நியாயமான கேள்விதான். கேட்பவரைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது. உலகெங்கும் ஐயவாதிகள் ஆய்வறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதும் இதைத்தான்.

அவர்களுள் சிலரது வாதம் எளிதில் உடைந்துவிடும். 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் அவைக்கு ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற உறுப்பினர் ஒரு பனிப்பந்தைக் கொண்டுவந்து, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்றார். ஓர் ஊரின் ஒரு நாள் குளிர் வேறு, உலகம் முழுவதன் பல பத்தாண்டுச் சராசரி வேறு. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

நம்மைத் தடுமாற வைப்பவை உண்மையான ஆய்வு முடிவுகளைக் காட்டும் வாதங்களே. நம் நாட்டின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் ஒரு மதிப்பீட்டு அறிக்கை வெளியிட்டது. வட இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்களின் எண்ணிக்கை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து குறைந்துள்ளது என்கிறது அது. இது உண்மை. ஐயவாதிகள் இந்த இடத்தில் அறிக்கையை மூடிவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் மிகக் கடும் புயல்கள் 2000க்குப் பின் அதிகரித்துள்ளன என்று அதே அறிக்கை தொடர்ந்து சொல்கிறது. ஐ.நா.வின் பன்னாட்டு அறிவியலாளர் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையும் இதைப் போன்றதே. உலக அளவில் புயல்களின் மொத்த எண்ணிக்கையில் நீண்டகால மாற்றம் ஏதும் உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் வலிமை மிக்க புயல்களின் பங்கு கூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

இது எப்படி முடியும்? ஒரு புயல் பிறப்பதற்குக் கடலின் வெப்பம் மட்டும் போதாது, மேலடுக்குக் காற்றும் ஒத்துவர வேண்டும். ஆனால் பிறந்துவிட்ட புயலுக்குச் சூடான கடல் தீனி போடுகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அது மழையாகக் கொட்டும். ஆகவே எத்தனை புயல் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு கடுமை என்பது வேறொரு கேள்வி.

பாலைநிலத்தில் இயேசுவைச் சோதித்த அலகை, 91ஆம் திருப்பாடலைத்தான் மேற்கோள் காட்டியது. சொன்ன சொற்கள் விவிலியத்தில் உள்ளவையே. ஆனால் பாம்பை மிதிப்பது பற்றிய அடுத்த வசனத்துக்கு அது போகவில்லை. (ஐயப்படுவோரை அலகை என்கிறோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்! பாதியில் நிறுத்தும் பழக்கம் நம் எல்லாரிடமும் உண்டு.)

புயலால் இறப்போர் தொகை குறைந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். இதுவும் உண்மை. 1999இல் ஒடிசாவில் ஏறத்தாழ 10,000 பேரைப் பலிகொண்டது ஒரு பெரும் புயல். 2013இல் அங்கே பைலின் புயல் வந்தபோது இறந்தோர் 50க்கும் குறைவு. புயல் இளகிவிட்டதாலா? இல்லை. முன்னெச்சரிக்கை கிடைத்தது, பாதுகாப்புக் கூடங்கள் இருந்தன, பல இலட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். மனிதர் பட்ட பாட்டின் பலனை இயற்கையின் கணக்கில் எழுதுவது சரியாகாது.

திருத்தந்தை பிரான்சிஸ், 2023 அக்டோபர் 4 அன்று வெளியிட்ட 'லௌதாத்தே தேயும்' என்ற மடலில், இத்தகைய அலட்சியக் கருத்துகளைக் கத்தோலிக்கத் திருஅவைக்குள்ளேயே தாம் சந்திப்பதாக வருத்தத்தோடு குறிப்பிட்டார்.

நம் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்வோம். எந்தப் புயல் வந்தாலும் உடனே பருவநிலை மாற்றத்தின் மேல் பழி போடுகிறோம். 2017இல் ஒக்கி புயல் குமரிக் கடலில் மிக விரைவாக வலுப்பெற்றது. ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. நம் கடற்கரைப் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் தந்தையை, மகனை இழந்தன. அந்த ஒரு புயலைப் பருவநிலை மாற்றம்தான் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல நம்மால் இயலாது. ஆனால் விரைவாக வலுப்பெறும் புயல்கள் உலக அளவில் கூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்று அதே 2021 அறிக்கை கூறுகிறது. அடுத்த முறை படகுகள் ஆழ்கடலில் நிற்கும்போது, கரைக்குத் திரும்பக் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவாக இருக்கலாம்.