உளியின் இரும்பு வந்த வழி



நம் ஜொகூர் மாநிலத்தில் பத்து பகாட் பக்கம் ஸ்ரீ மேடான் என்ற ஊர் இருக்கிறது. 1921-இல் ஜப்பானியர் அங்கே இரும்புச் சுரங்கம் திறந்து, தாதுவைத் தம் நாட்டுக்குக் கப்பலேற்றினர். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “சார், மண்ணுக்குள் அந்த இரும்பு எப்படி வந்தது?” என்று கேட்டாள். “மண்ணிலேயே விளைந்தது” என்று சொல்லி நாம் சமாளித்துவிட்டோம். அது தவறு. அதைத் திருத்தவே இன்றைய பேச்சு.

பேரண்டத்தின் தொடக்கத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் இருந்தன. அவற்றோடு இம்மியளவு லித்தியம். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும், அடுப்புக் கரியும், பால் வெட்டும் உளியின் இரும்பும் பிற்பாடு விண்மீன்களில் உண்டானவை. சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து, ஆக்சிஜன் முதலியவற்றை வெளியே வீசுகின்றன. சிறிய விண்மீன்களின் கதை வேறு. அவை எரிந்து அடங்கியபின், பூமியளவுக்குச் சுருங்கிய கங்காக மிஞ்சும். அதை வெள்ளைக் குள்ளன் என்பார்கள். பக்கத்து விண்மீனின் பொருள் வந்து சேர்ந்தோ, இரண்டு குள்ளர்கள் ஒன்றாகக் கலந்தோ எடை ஏறினால் அது வெடிக்கும். இதற்கு நூறு கோடி ஆண்டுகூட ஆகலாம். இரும்பின் பெரும் பங்கு இந்த வெடிப்பிலிருந்து வருகிறது.

அந்தக் கங்கு தாங்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டவர் ஒரு தமிழர், சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அவர், 1930-இல், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கணக்கைப் போட்டது அந்தக் கப்பலிலேதான். (அந்தக் காலத்தில் நம் பாட்டன்மாரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள்தாம்; அவர்கள் கையில் தகரப் பெட்டிதான் இருந்தது.) சூரியனின் எடையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. 1935-இல் இலண்டனில் எடிங்டன் என்ற பேரறிஞர் சபை நடுவே அதை எள்ளி நகையாடினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-இல் கிடைத்தது.

சரி, கோடி கோடி ஆண்டுகள் நடந்த இந்த வேலையை யார் கண்ணால் கண்டார்? யாரும் இல்லை. தொலைநோக்கி காட்டுவது ஒரு நொடியின் படத்தைத்தான். ஆகவே கணிப்பொறிக்குள் ஒரு போலிப் பேரண்டத்தை அமைத்து, அதை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். 2014-இல் வெளிவந்த ‘இல்லஸ்டிரிஸ்’ என்ற கணக்கு, 35 கோடி ஒளியாண்டு நீள, அகல, உயரமுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டது. 8,192 கணிப்பான்கள் ஒன்றாக உழைத்தன. ஏறக்குறைய 41,000 விண்மீன் மண்டலங்கள் அதில் உருவாயின.

அது எப்படிக் கணக்கு வைக்கிறது? நம் தோட்டத்துக் கிராணி ஒவ்வொரு மங்குப் பாலையும் எழுதுவதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று நிறுத்து எழுதுவார். கணிப்பொறியும் அப்படியே. ஏறக்குறைய பத்து இலட்சம் சூரியன் எடையுள்ள விண்மீன் கூட்டத்தை ஓர் ஆளாகப் பதிகிறது. அந்தக் கூட்டத்தில் எவ்வளவு பெரியவை, எவ்வளவு சிறியவை, எது எப்போது வெடிக்கும் என்று பார்த்து, வெளியேறும் பொருளைப் பக்கத்து வாயுவில் வரவு வைக்கிறது. ஹைட்ரஜன் முதல் இரும்பு வரை ஒன்பது தனிமங்களுக்குத் தனித்தனிப் பற்று வரவு! அடுத்த தலைமுறை விண்மீன்கள் அந்த வாயுவிலிருந்தே பிறக்கின்றன.

ஆக்சிஜன் விரைவில் வரும், இரும்பு தாமதித்து வரும் என்றோம் அல்லவா? அதனால், பால்வீதியில் ஒரு விண்மீனில் ஆக்சிஜனை நோக்க இரும்பு குறைவாக இருந்தால், அது பெரும்பாலும் பழைய விண்மீன் என்று கொள்ளலாம். கணிப்பொறியின் பேரேட்டை மெய்யான விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இது ஒரு நல்ல வழி.

ஒப்பிட்டபோது எல்லாம் பொருந்தவில்லை. இல்லஸ்டிரிஸில் உண்டான சிறு மண்டலங்களின் விண்மீன்கள், மெய்யானவற்றைவிட முன்னதாகவே பிறந்துவிட்டிருந்தன. வெடிப்புகள் வாயுவை எவ்வளவு வேகமாக விரட்டும் என்பது போன்ற விதிகளைத் திருத்தி, 2018-இல் புதிய கணக்கின் முடிவுகளை வெளியிட்டார்கள். வாத்தியார்கள் மட்டுமா தவறு செய்கிறோம்!

அந்த மாணவிக்கு விடையை மறுவாரம் திருத்திச் சொன்னோம். நம் சூரியனுக்கும் பூமிக்கும் வயது ஏறக்குறைய 460 கோடி ஆண்டு. ஸ்ரீ மேடான் இரும்பு அதற்கும் மூத்தது. பெயரில்லாத பல விண்மீன்கள் வெடித்துச் சிதறிய வாயுவில் அது முன்பே கலந்திருந்தது.