கிதாரின் மெட்டுக் கம்பி

கிதார் மீட்டுவோர் பலராயினும், அதன் கழுத்தின்மீது குறுக்கே பதிந்துள்ள மெட்டுகளைக் குறித்துச் சிந்திப்போர் சிலரே. நமது வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் அமர்ந்திருத்தலால், ஸ்வரம் பிசகின் மெழுகை இளக்கி அவற்றைச் சிறிது நகர்த்திக்கொள்ளலாம். கிதாரிலோ மெட்டானது மரத்தில் அறுத்த காடியினுள் இறங்கி நிற்பது, நகர்த்த வழியில்லை.

மெட்டுக் கம்பியைக் குறுக்கே வெட்டி நோக்கின் காளானைப்போலத் தோன்றும். தந்தி படுவது அதன் தலை. காடியினுள் புகுவது அதன் தண்டு. தண்டின் இருபுறமுமுள்ள சிறு முட்களே மரத்தைப் பற்றிக்கொள்வன. பெரும்பாலும் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகத்தால் இக்கம்பி செய்யப்படும். ஜெர்மன் வெள்ளி என்பது அதன் பெயர். வெள்ளியோ குன்றிமணியளவும் அதில் இல்லை. துருவேறா எஃகுக் கம்பி நெடுநாள் தேயாது. ஆனால் வேலை செய்வோனுடைய அரத்தைத் தேய்த்துவிடும்.

கம்பி வாங்குவோர் தலையின் அகலத்தையும் உயரத்தையுமே வினவுவது வழக்கம். அகலம் 2 மில்லிமீட்டரும் உயரம் 1 மில்லிமீட்டரும் பலருக்கும் பொருந்தும். தலை மிக உயர்ந்ததாயின், அழுத்தி வாசிப்போர் கையில் தந்தி தாழ்ந்து சுருதி ஏறிவிடும். எனினும் முதலில் அளக்கவேண்டியது தண்டின் கனமே என்பது என் துணிபு. காடியினும் தண்டு மெலிந்ததாயின் மெட்டு கிளம்பி, தந்தி இரையும். தடித்ததாயின் ஒவ்வொரு மெட்டும் ஓர் ஆப்பாகி மரத்தை விலக்கும். ஓர் ஆப்பு 0.001 அங்குலம் விலக்குதல் அற்பமே. 20 மெட்டுகள் சேரின் அது 0.02 அங்குலமாகும். பலகையின் மேற்பரப்பு அவ்வளவு நீளவே, கழுத்து பின்புறம் வளைந்து, தந்திகள் முதல் மெட்டுகளில் உராயும்.

இக்குறையையே குணமாக்கிக்கொண்டனர் பழைய தொழிலாளர். அமெரிக்க மார்ட்டின் கம்பெனியார் 1934 வரை தலையில்லாத பட்டைத் தகடுகளையே மெட்டாகப் பதித்தனர். தந்தியின் இழுப்பால் முன்வளைந்த கழுத்தைக் கனமான தகடுகளைத் தேர்ந்து பதித்து நிமிர்த்தலாம். கழுத்தினுள் திருகி நிமிர்த்தும் இரும்புக்கோலை அக்கம்பெனியார் 1985-இல்தான் வைக்கத் தொடங்கினர். ஆதலால் அதற்கு முற்பட்ட அவர்களுடைய கிதாருக்கு மெட்டு மாற்றுவோன் தண்டின் கனத்தைக் கொண்டே கழுத்தை ஆளவேண்டும்.

பழைய மெட்டைச் சூடேற்றி மெல்லப் பிடுங்குதல் வேண்டும். கருங்காலிப் பலகை எளிதிற் சில்லுவிடும். புதுக்கம்பியைப் பலகையின் வளைவினும் சற்று மிகுதியாக வளைத்து, முதலில் இரு முனைகளையும் பின்னர் நடுவையும் தட்டவேண்டும். நடு தாழுங்கால் முட்கள் பக்கவாட்டில் நகர்ந்து மரத்தைக் கவ்வும். முனைகளை வெட்டிச் சாய்வாக அராவியபின், மட்டக்கோல் வைத்துப் பார்த்து, உயர்ந்த தலைகளைச் சமமாக்கி, மீண்டும் உருட்சி கொடுக்கவேண்டும். வறண்ட காலத்தில் பலகை சுருங்கி, மெட்டின் முனைகள் விளிம்பில் துருத்திக் கையைக் கீறுதலுண்டு. அப்பொழுது உடனே அரத்தை எடாமல், வாத்தியத்தைச் சிறிது ஈரக்காற்றுள்ள அறையிற் சில நாள் வைத்துப் பார்த்தல் நலம்.