பெயர்ப் பொருத்தமும் எண் பொருத்தமும்



திருமணத்திற்குப் பொருத்தம் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். ஒலிபெருக்கிக்கும் பொருத்தம் பார்ப்பவர் உளர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் எங்கள் திருமுக்கூடலில் திருவிழா நெருங்கினால், "அகுஜா ஆம்பிளிபயருக்கு அகுஜா கூம்புதான் சேரும், வேறு கம்பெனிக் கூம்பு சேராது" என்னும் பேச்சு என் செவியில் விழாதிருப்பதில்லை. 1940இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் பெயர் தமிழகத்து ஊர்களில் அவ்வளவு பழக்கம். இப்பேச்சில் உண்மை எவ்வளவு?

ஆம்பிளிபயர், மைக்கிலிருந்து வரும் நலிந்த மின்குறியை வலுப்படுத்துகிறது. ஒலிபெருக்கி அம்மின்சாரத்தை ஒலியாக்குகிறது. இரண்டிற்கும் நடுவே செல்வது மின்சாரமே, பெயர்ப்பலகை அன்று. ஆகவே, நாம் பார்க்க வேண்டியவை சில எண்கள்.

முதலாவது, ஓம் கணக்கில் கூறப்படும் மின்மறிப்பு. 8 ஓம் உடைய நான்கு ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் கட்டினால் மொத்த மறிப்பு 2 ஓமாகக் குறையும். 4 ஓமுக்குக் குறையலாகாது என்று விதிக்கப்பட்ட ஆம்பிளிபயர், மிகுந்த மின்னோட்டத்தால் சூடேறிக் கெடக்கூடும். எல்லாம் ஒரே நிறுவனத்தின் பொருள்களாயினும் அச்சூடு தணியாது.

இரண்டாவது, உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் ஒரு பெட்டி 88 டெசிபலும், ஒரு கூம்பு 108 டெசிபலும் காட்டலாம். இடைவெளி 20 டெசிபல். பெட்டி 100 வாட்டில் எழுப்பும் ஒலியைக் கூம்பு 1 வாட்டிலேயே எழுப்பிவிடும் என்பது இதன் பொருள்.

மூன்றாவது, நெடுந்தொலைவுக் கம்பி. தேர் வீதி நெடுகக் கூம்புகள் கட்டும்போது 100 வோல்ட் முறையைக் கையாளுவர். 100 வாட் திறனை 8 ஓம் முறையில் அனுப்பக் கம்பியில் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் ஓட வேண்டும். 100 வோல்ட் முறையில் 1 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் இழப்பு ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்காகிறது. இம்முறையில் கூம்புதோறும் சிறு மின்மாற்றி இருத்தல் வேண்டும். அவை ஏற்கும் வாட்டுகளின் கூட்டுத்தொகை ஆம்பிளிபயரின் திறனுக்கு மேற்படலாகாது.

அப்படியானால் பெயர்ப் பொருத்தம் முழுப்பொய்யா? இல்லை, அதற்கும் ஒரு வேர் உண்டு. ஒலிபெருக்கியின் மறிப்பு எல்லாச் சுரங்களுக்கும் ஒன்றாயிராது. 8 ஓம் என எழுதிய பெட்டி தாழ்ந்த சுரமொன்றில் 30 ஓமும் காட்டலாம். வால்வு ஆம்பிளிபயர்கள் பலவற்றில் உள்மறிப்பு மிகுதி. எனவே பெட்டி மாறினால் ஒலியின் குணமும் மாறியது. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பிளிபயரில் உள்மறிப்பு மிகச் சிறிது. அவ்வேறுபாடும் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

ஐயமிருப்பின் சோதித்துப் பாருங்கள். இரண்டு ஆம்பிளிபயர்களையும் ஒரே ஒலியளவில் வைத்து, எது ஒலிக்கிறது என்பதை மறைத்துக் கேளுங்கள். ஒலியளவைச் சமமாக்குவது இன்றியமையாதது. சற்று உரக்க ஒலிப்பதே இனிது என்று செவி மயங்கும் இயல்புடையது. பொருளின் பின்புறத்தில் பொறித்துள்ள எண்களைப் படித்த பிறகு முன்புறத்துப் பெயரைப் படியுங்கள். பணமும் மிஞ்சும், அறிவும் வளரும்.