மெல்ல எரியும் அடுப்பு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஞாயிறு இல்லையேல் ஞாலம் இல்லை. இதை ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். இலைகள் உணவு சமைப்பதும், கடல்நீர் ஆவியாகி மழையாய் இறங்குவதும், காற்று வீசுவதும் கதிரவனின் ஆற்றலால்தான். நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரிகூட, என்றோ தழைத்திருந்த காடுகள் சேர்த்து வைத்த வெயிலே. இவற்றையெல்லாம் மறுபடியும் எழுதி மலரின் பக்கங்களை நிரப்ப எனக்கு விருப்பமில்லை. என்னுள் நெடுநாளாய் இருந்து வந்த ஐயம் வேறு. அந்த அடுப்பு இத்தனை காலம் அணையாமல் எரிவது எப்படி?

சூரியன் நம்மிடமிருந்து 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அது எத்திசையும் வாரியிறைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 220 கோடியில் ஒரு பங்குதான் பூமிக்கு வருகிறது. அந்தத் துளிப் பங்கே வளிமண்டலத்தின் உச்சியில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1,361 வாட். நம் வயலும் கடலும் காடும் வாழ்வது இதில்தான். மீதி முழுவதும் வெட்டவெளிக்குப் போகிறது.

இவ்வளவு தாராளமாய்ச் செலவழிப்பவனிடம் கையிருப்பு எவ்வளவு என்று கேட்பது நியாயந்தானே? சூரியன் முழுவதும் உயர்தர நிலக்கரி என்றும், அது எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனும் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொண்டு ஒரு நாள் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 5,000 ஆண்டுதான் வந்தது. எகிப்தியர் பெரிய பிரமிடைக் கட்டத் தொடங்கிய காலத்தில் பற்ற வைத்திருந்தால், இந்நேரம் சாம்பலைக் கிளற வேண்டிய நிலை!

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் பேரறிஞர்களையே இக்கணக்கு படாதபாடு படுத்தியது. சூரியன் தன் எடையால் தானே சுருங்கி, அதனால் வெப்பம் பெறுகிறது என்றார்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸும் கெல்வினும். அவ்வாறாயின் சூரியன் பூமிக்கு ஒளி வீசிய காலம் 10 கோடி ஆண்டுகூட இருக்க வாய்ப்பில்லை என்று 1862இல் எழுதினார் கெல்வின். பிறகு அதையும் குறைத்தார். இதனால் இக்கட்டில் மாட்டியவர் சார்லஸ் டார்வின். இங்கிலாந்தின் ஒரு பள்ளத்தாக்கு மழையாலும் கடலாலும் அரிபட 30 கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்று 1859இல் தம் நூலில் அவர் கணக்கிட்டிருந்தார். பலர் எதிர்க்கவே, 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எண்ணையே நீக்கிவிட்டார். உயிர்கள் மெல்ல மெல்ல மாறி வளர அவருக்குக் காலம் வேண்டியிருந்தது. அந்தக் காலத்தைத் தரச் சூரியனிடம் எரிபொருள் இல்லை என்றது இயற்பியல்.

பிழை இயற்பியலின் பக்கமே இருந்தது. கதிரியக்கக் கணக்கின்படி சூரியக் குடும்பத்தின் வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டு. பூமியில் உயிரின் தடயங்கள் 350 கோடி ஆண்டுக்கும் மேல் பழமையானவை. அதில் மிகப் பெரும்பகுதி வெறும் நுண்ணுயிர்களின் காலம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியதே சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன்புதான். மீனும் பல்லியும் பசுவும் கடைசி வரிசையில் வந்தவை. ஆகவே சூரியன் நமக்கு அளித்த பெருங்கொடை எதுவென்று கேட்டால், வெப்பத்தையும் ஒளியையும் விட நேரம் என்றே நான் சொல்லுவேன்.

அந்த நேரம் எங்கிருந்து வந்தது? நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறையைவிட ஒரு ஹீலியம் அணுவின் நிறை சற்றுக் குறைவு. அந்தக் குறைவே ஆற்றலாகிறது போலும் என்று 1920இல் எடிங்டன் கூறினார். ஆனால் சூரியனில் அவ்வளவு ஹைட்ரஜன் உண்டா? பூமியைப் போலவே சூரியனும் இரும்பு முதலானவற்றால் ஆனது என்றே அன்று நம்பினர். நிறமாலையில் தெரியும் கோடுகளைச் சரியாகப் படிக்க ஒரு திறவுகோல் தேவைப்பட்டது. அதை 1920இல் தந்தவர் நம் நாட்டு மேகநாத சாகா. டாக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில் சிறு கடை வைத்திருந்தவரின் மகன். பள்ளிக்காகப் பிறர் வீட்டில் தங்கிப் படித்தவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆதலால் இவ்வரியை எழுதுகையில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

சாகாவின் சமன்பாட்டைக் கையிலெடுத்துக்கொண்டு, சூரியனிலும் விண்மீன்களிலும் ஹைட்ரஜனே மிகப் பெரும்பகுதி என்று 1925இல் கண்டவர் செசிலியா பெய்ன். அப்போது அவருக்கு வயது 25. அன்றைய பெரிய வானியலறிஞர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் இதை ஏற்கவில்லை. எனவே தம் முடிவு பெரும்பாலும் உண்மையாயிராது என்று பெய்ன் தம் ஆய்வேட்டிலேயே எழுதினார். தான் கண்டதைத் தானே மறுத்து எழுதும்போது அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்குமோ! நான்கே ஆண்டில், 1929இல், ரஸ்ஸலும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். எரிபொருள் இன்னதென்று தெரிந்தபின், அது எரியும் வழியை 1939இல் ஹான்ஸ் பெத்தே படிப்படியாக விளக்கினார்.

இனிதான் எனக்குப் பெருவியப்பளித்த செய்தி. சூரியனின் மையத்தில் வெப்பம் 1.5 கோடி டிகிரி. அங்கே ஓயாமல் ஹைட்ரஜன் குண்டு வெடிக்கிறது என்று பலரும் சொல்லுவர். அது சரியன்று. மையத்திலேயே ஒரு கன மீட்டரில் பிறக்கும் வெப்பம் 300 வாட்டுக்கும் குறைவு. எங்கள் வீட்டு எருக்குழியில் மார்கழி விடியலில் ஆவி பறக்கும். கையை நுழைத்தால் சுடும். சூரிய அடுப்பும் ஏறத்தாழ அந்த எருக்குழி அளவுக்குத்தான் வெப்பம் உண்டாக்குகிறது. சூரியன் முழுவதற்கும் சராசரி பார்த்தால், ஒரு வாட் தருவதற்கு அதன் பொருள் ஐந்து டன் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனோ தன் ஓர் உடம்பால் சுமார் 100 வாட் வெப்பம் தருகிறான். கிலோவுக்குக் கிலோ நிறுத்துப் பார்த்தால் வகுப்பின் கடைசி பெஞ்சில் தூங்கும் நண்பனும் சூரியனைவிட ஏறத்தாழ எட்டாயிரம் மடங்கு சூடானவன்!

அப்படியானால் அவ்வளவு வெப்பம் எப்படி? அளவுதான் காரணம். சூரியனுள் 13 லட்சம் பூமிகளை அடக்கலாம். அத்தனை பெரிய எருக்குழியின் வெப்பமெல்லாம் மேற்பரப்பின் வழியாகவே வெளியேற வேண்டும். மேற்பரப்பு 5,500 டிகிரியில் ஒளிராமல் என்ன செய்யும்?

இந்த மந்தத்திற்கும் காரணம் உண்டு. இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கும். அரிதாய் நெருங்கினாலும், அந்தக் கணத்திலேயே ஒன்று நியூட்ரானாக மாறினால்தான் ஒட்டும். சூரிய மையத்தில் ஒரு புரோட்டான் இதற்காகச் சராசரியாய்க் காத்திருக்கும் காலம் சுமார் 900 கோடி ஆண்டு. வினாடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் ஆற்றலாய் மறைகிறது. ஆயினும் பிறந்தது முதல் இன்றுவரை இவ்வாறு சூரியன் இழந்தது தன் நிறையில் பத்தாயிரத்தில் மூன்று பங்குதான்.

தன்னைத் தானே அடக்கவும் அதற்குத் தெரியும். சோறு பொங்கினால் அம்மா விறகை வெளியே இழுப்பார். அடங்கினால் உள்ளே தள்ளுவார். சூரிய மையம் சற்று அதிகம் சூடேறினால் விரிகிறது. விரிந்ததும் குளிர்ந்து எரிதல் குறைகிறது. சூரியனைப்போல் பத்து மடங்கு நிறையுள்ள விண்மீனோ ஆரவாரமாய் எரிந்து இரண்டு மூன்று கோடி ஆண்டில் தீர்ந்துவிடும். அதனருகே பூமி போன்றதொரு கோள் இருந்தாலும் அங்கே உயிர் தழைக்க நேரம் ஏது?

நம் அடுப்பும் மாறாததன்று. இளமையில் இன்றைய ஒளியில் 70 விழுக்காடுதான் தந்தது; மெல்லக் கூடி வருகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் கடல்கள் வற்றுமளவு சூடேறும் என்பது கணக்கு.

மையத்தில் பிறந்த ஆற்றல் முட்டி மோதி மேற்பரப்பை அடையப் பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து நம்மை எட்ட எட்டே கால் நிமிடம். ஆகவே இன்று முற்றத்தில் விழும் வெயில் கற்காலத்தில் சமைத்தது. அடுப்பு இன்னும் எரிகிறதா என்பதை வெயிலைப் பார்த்துச் சொல்ல இயலாது. நியூட்ரினோ என்னும் துகள்தான் அதைச் சொல்லும். எதிலும் மோதாமல் மையத்திலிருந்து நேரே வந்துவிடும் அத்துகள், நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம், பகலிலும் இரவிலும் ஊடுருவிச் செல்கிறது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் அமைந்த போரெக்சினோ கருவி, புரோட்டான்கள் இணைகையில் பிறக்கும் நியூட்ரினோக்களை அளந்து 2014இல் முடிவை வெளியிட்டது. இன்றைய அடுப்பின் வெப்பத்தை அதிலிருந்து கணக்கிட்டு, அன்று சமைத்த வெயிலோடு ஒப்பிட்டனர். இரண்டும் அளவைப் பிழைக்குள் ஒத்திருந்தன.