கோட்டும் டையும் அணிந்த மானேஜர்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் அணியை நடத்துகிறவருக்கு மானேஜர் என்று பெயர். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தோல்வி தொடர்ந்தால் முதலில் உருளுவதும் அவர் தலைதான். அந்தப் பதவியில் ஒரே அணிக்கு 50 ஆண்டுகள் இருந்தவர் கானி மேக். 1901 முதல் 1950 வரை பிலடெல்பியா அதலெடிக்ஸ் அணியை நடத்தினார். ஓய்வு பெற்றபோது வயது 87. எங்கள் ரயில்வேயில் 60 வயதில் மாலை போட்டு அனுப்பி விடுகிறார்கள்!

மற்ற மானேஜர்கள் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை அணிவர். மேக் அணிந்ததோ கோட்டு, டை, விறைத்த காலர். பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஸ்கோர் அட்டையை அசைத்து ஆட்களை நகர்த்துவார். தவறு செய்தவரை அன்றே நாலு பேர் முன்னால் ஏசமாட்டார். மறுநாள் தனியே கூப்பிட்டுப் பேசுவார். டிக்கெட் ஜன்னலில் பயணிகள் எதிரிலேயே மேலதிகாரியிடம் வசவு வாங்கியவன் நான். இதன் அருமை எனக்குத் தெரியும்.

1929-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். ஹோவர்ட் எம்கே என்ற 35 வயதுப் பந்து வீச்சாளரை விலக்கிவிட எண்ணி மேக் அழைத்தார். "இந்தக் கையில் இன்னும் ஒரு நல்ல ஆட்டம் மிச்சமிருக்கிறது" என்ற பொருள்பட எம்கே கூறினார். மேக் மனம் மாறினார். இறுதிப் போட்டியில் எதிர்ப்பட இருந்த சிகாகோ கப்ஸ் அணியின் ஆட்டத்தைக் கவனித்து வரும்படி அவரை ரகசியமாக அனுப்பினார். அக்டோபர் 8-ந் தேதி முதல் ஆட்டம். குரோவ், எர்ன்ஷா போன்ற சூரர்கள் இருக்க, எம்கே பந்தெடுத்ததும் சொந்த அணியினரே திகைத்தனர். அன்று அவர் 13 பேரை அடிக்க விடாமல் வெளியேற்றினார். அதுவரை அந்தப் போட்டியில் எவரும் செய்யாத சாதனை. அதலெடிக்ஸ் 3-1 என்று வென்றது; பிறகு கோப்பையையும் வென்றது.

இவரை மகான் ஆக்கிவிட வேண்டாம். பணமுடை வந்தபோது நட்சத்திர ஆட்டக்காரர்களை விற்றவரும் இவரே. 1916-ல் அணி 117 ஆட்டங்களில் தோற்றது. 17 முறை கடைசி இடம். வேறு எவராக இருந்தாலும் வேலை போயிருக்கும். மேக் அணியின் பங்குதாரர், அவரை யார் விலக்குவது? மொத்த வெற்றி 3,731, தோல்வி 3,948. இரண்டையும் இன்றுவரை எந்த மானேஜரும் தாண்டவில்லை.

கடைசிக் காலத்தில் பெஞ்சிலேயே கண்ணயர்ந்து விடுவாராம். விழித்ததும், எப்போதோ ஆடி ஓய்ந்தவர்களின் பெயரைச் சொல்லிக் களத்தில் இறங்கச் சொல்வாராம். உதவியாளர்கள் மறுத்துப் பேசாமல், சரியான ஆளை மெல்ல அனுப்பி வைப்பார்கள் என்று உடன் இருந்தவர்கள் கூறியிருக்கிறார்கள்.